சுரங்கக் கழிவு மண்: வீட்டு மனைக்கு வாங்கும் முன் கேட்க வேண்டியவை

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி உதவி, மருத்துவ முகாம், விதவைகளுக்கான மாதாந்திர உதவி என்று பேசும் இந்த மேடையில் நிலக்கரிச் சுரங்கக் கழிவுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. வசதியற்ற குடும்பங்களுக்கு நாம் கட்டித் தரும் வீடுகளில் பல, பள்ளமான மனைகளில்தான் அமைகின்றன. ஐப்பசி, கார்த்திகை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் இடங்கள் அவை. முதலில் மண் அடித்து மனையை உயர்த்தாமல் அங்கே ஒரு செங்கல்லும் வைக்க முடியாது. மண் விலையும் மணல் விலையும் எந்த அளவுக்கு ஏறியிருக்கின்றன என்பதை வீடு கட்டிய எல்லோரும் அறிவீர்கள்.

இந்த நிலையில், "சுரங்கத்தில் தோண்டிப் போட்ட மண் மலை மலையாகக் கிடக்கிறதே, அதை வாங்கினால் செலவு குறையுமே" என்று கமிட்டியில் சிலர் யோசனை சொன்னார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடக் கூடியதல்ல. அதைப் பற்றி நான் படித்தவற்றையும் விசாரித்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். கேட்டபின் நீங்களே முடிவுக்கு வரலாம்.

கழிவு என்றால் எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நிலக்கரி தொடர்பான கழிவு எல்லாவற்றையும் நாம் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவை மூன்று வகை.

முதலாவது, நிலக்கரியை எட்டுவதற்காக மேலிருந்து அகற்றப்படும் மண், மணல், களிமண், பாறை. இதை மேல்மண் என்போம். நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க, ஏறத்தாழ 5 கன மீட்டருக்கும் மேல் இப்படிப்பட்ட மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. நெய்வேலிப் பக்கம் போனவர்கள் தூரத்தில் பார்க்கும் குன்றுகள் இயற்கையானவை அல்ல, சுரங்கத்திலிருந்து வந்தவை.

இரண்டாவது, நிலக்கரியோடு ஒட்டி வரும் கரும்பாறையும், நிலக்கரியைக் கழுவும்போது ஒதுக்கப்படும் கல்லும் சேறும். இதில் கொஞ்சம் நிலக்கரியும் கலந்தே இருக்கும். சீனாவில் வெட்டும் நிலக்கரியில் 10 முதல் 15 சதவீதம் வரை இப்படிப்பட்ட கல் கழிவு சேர்கிறது. அங்கே அதை அரைத்துச் செங்கல் சுடுகிறார்கள், மின் நிலையங்களில் எரிக்கவும் செய்கிறார்கள்.

மூன்றாவது, அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பல். நாம் கடையில் வாங்கும் 'ஃப்ளை ஆஷ்' செங்கல் இதிலிருந்து வருவது. இது சுரங்கக் கழிவு அல்ல. சிமெண்டிலும் செங்கலிலும் இறுகிப்போன சாம்பல் வேறு, தூளாக மனையில் கொட்டும் சாம்பல் வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இறுகியது தன்னிடம் இருப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூளாகக் கொட்டியது காற்றில் பறக்கும், மழையில் கரையும், கிணற்றுக்கும் போகும்.

மறுபடியும் பயன்படுத்துவது நல்லதுதான்

சுரங்க மண்ணைப் பயன்படுத்துவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களின் மேல்மண்ணில் அளவுக் கணக்கில் சுமார் 60 சதவீதம் மணற்கல் என்று மத்திய நிலக்கரி அமைச்சகம் சொல்கிறது. அதை உடைத்து, சலித்து, கழுவினால் கட்டுமான மணல் கிடைக்கும். கோல் இந்தியா நிறுவனத்தின் துணை நிறுவனங்கள் நாக்பூர் பகுதியிலும், சிங்ரௌலி பகுதியில் அம்லோரி சுரங்கத்திலும் இதற்கான ஆலைகளை அமைத்திருக்கின்றன. நெய்வேலியிலும் மேல்மண்ணிலிருந்து எம்-சாண்ட் தயாரிக்கும் முயற்சி நடந்திருக்கிறது.

இதில் இரண்டு நன்மை உண்டு. குவியல் குறையும், ஆறும் பிழைக்கும். காவிரி, கொள்ளிடம், பாலாறு ஆகிய ஆறுகளில் மணல் அள்ளியதால் நீர்மட்டம் என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்த்த தலைமுறை நாம். ஆற்றைத் தோண்டாமல் மணல் கிடைக்கும் என்றால் அதை மறுக்க வேண்டியதில்லை. சுரங்கக் குழியை அதே மண்ணால் திரும்ப நிரப்பி மரம் வளர்ப்பதும் நல்ல பயன்பாடுதான். ஜெர்மனியின் ரூர் பகுதியில் பழைய சுரங்கக் குவியல்கள் பூங்காக்களாக மாறியிருக்கின்றன, மக்கள் அவற்றின் மேல் ஏறி நடக்கிறார்கள்.

அப்படியானால் அச்சம் எங்கே இருக்கிறது? மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலும், அதற்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமலும் ஒருவர் தம் கழிவை இன்னொருவர் தலையில் ஏற்றிவிடுகிறாரே, ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. நடந்த சில சம்பவங்களைச் சொன்னால் இது விளங்கும்.

தரை எழும்பிய வீடுகள்

இங்கிலாந்தின் வட பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ஊர்கள் இருந்தன. அங்கே குவித்து வைத்த கழிவில் மிஞ்சியிருந்த நிலக்கரி தானாகவே சூடேறி எரிந்தது. வருடக்கணக்கில் உள்ளுக்குள் கனன்று, கரும்பாறை சிவப்புக் கல்லாக மாறியது. பார்க்க நம் ஊர் செங்கல் ஜல்லி மாதிரி இருக்கும். கெட்டியாகவும் இருக்கும், விலையும் மிகக் குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவசரமாக வீடு கட்டிய காலத்தில், தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் இந்தச் சிவப்புக் கல்லை நிரப்பினார்கள்.

கட்டி முடித்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. ஆண்டுகள் போகப் போக, பல வீடுகளில் தரையின் நடுப்பகுதி மெல்ல மேடு தட்டியது. கதவுகள் இடித்தன, தரை வெடித்தது, சில இடங்களில் வெளிச் சுவரையே தள்ளியது. காரணம், அந்தக் கல்லில் இருந்த சல்பேட் உப்பு. அடியிலிருந்து ஈரம் ஏறும்போது உப்பு கரைந்து கான்கிரீட்டுக்குள் போகிறது. சிமெண்டோடு சேர்ந்து புதிய படிகங்களாக மாறுகிறது. அந்தப் படிகத்துக்குக் கூடுதல் இடம் வேண்டும். இடம் இல்லாதபோது அது கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு விரிகிறது.

இந்தச் செய்தியை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், அந்த வீடுகளில் இருந்தவர்களும் நம் பயனாளிகளைப் போன்ற சாதாரணக் குடும்பங்கள்தான். மலிவாகக் கிடைத்ததால் மிச்சமான பணத்தைவிட, தரையை உடைத்து அடியில் இருந்ததை அள்ளிப் போட்டுத் திரும்பத் தளம் போடும் செலவு பல மடங்கு அதிகம். நாம் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு விதவைத் தாயிடம் பத்து வருடம் கழித்து அந்தச் செலவுக்குப் பணம் இருக்குமா?

துருப்பிடித்த தண்ணீர்

பல நிலக்கரிப் படிவங்களில் பைரைட் என்ற தாது இருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பூமிக்கு அடியில் காற்றுப் படாமல் இருக்கும் வரை அது யாருக்கும் தொந்தரவு தராது. தோண்டி வெளியே போட்டால் காற்றும் மழையும் பட்டு, கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமில நீர் மண்ணிலுள்ள இரும்பு, மாங்கனீசு, அலுமினியம் போன்ற உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கும் கிணற்றுக்கும் போகிறது.

மேகாலயாவின் ஜைந்தியா மலையில் எலி வளை போன்ற குழிகளில் நிலக்கரி வெட்டி, கழிவைத் திறந்த வெளியில் போட்டார்கள். அங்குள்ள ஆறுகள் அமிலமாகி மீன் வாழ முடியாமல் போயின. 2014 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த வகைச் சுரங்கத்துக்குத் தடை விதித்தது. பழுப்பு நிலக்கரி வெட்டிய கிழக்கு ஜெர்மனியில், சுரங்கங்கள் மூடிய பிறகும் மண் குவியல்களிலிருந்து வரும் இரும்பால் ஸ்ப்ரீ ஆற்றின் சில பகுதிகள் காப்பி நிறத்தில் ஓடின. சுரங்கம் மூடுவதோடு கழிவின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எல்லாச் சுரங்க மண்ணிலும் பைரைட் ஆபத்தான அளவில் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். ஒரே சுரங்கத்தில் மேல் அடுக்கு நல்ல மண்ணாகவும், நிலக்கரியை ஒட்டிய அடுக்கு கெட்டதாகவும் இருக்கலாம். அதனால்தான் சோதனை வேண்டும் என்கிறோம்.

நகர்ந்த குவியல்கள்

கழிவு மண்ணின் இன்னொரு குணம், அது இயற்கையான நிலம் போல் இறுகியிருக்காது. தண்ணீர் ஊறினால் சேறாகி நகரும்.

1972 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ கிரீக் என்ற ஓடையின் மேல் கட்டிய அணை உடைந்தது. அந்த அணை சிமெண்டாலோ கருங்கல்லாலோ ஆனதல்ல. சுரங்கக் கழிவையே கொட்டி அணையாக்கி, நிலக்கரி கழுவிய கரிய நீரை அதற்குப் பின்னால் தேக்கி வைத்திருந்தார்கள். கழிவுக்கு ஒரு பயன் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். 125 பேர் இறந்தார்கள், 4,000 பேர் வீடிழந்தார்கள். சுரங்க நிறுவனம் அதை "இறைவனின் செயல்" என்றது. மழை இறைவன் தருவது. ஆனால் பலமில்லாத அணையை அங்கே கட்டியது மனிதர்கள். தம் அலட்சியத்தை இறைவன் மேல் போடுவதை எந்த நம்பிக்கையாளரும் ஏற்க முடியாது. விசாரணைக் குழுவும் ஏற்கவில்லை.

2009 ஜூலையில் ஜெர்மனியின் நாக்டர்ஷ்டெட் என்ற சிற்றூரில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் மண்ணை நிரப்பிய இடத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே வீடுகள் கட்டியிருந்தார்கள். பக்கத்துச் சுரங்கக் குழியில் நீர் நிரப்பி ஏரியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் நிலம் சரிந்து வீட்டோடு ஏரிக்குள் போனது. மூன்று பேர் உயிரிழந்தார்கள். நிலத்தடி நீரின் அழுத்தமே முக்கியக் காரணம் என்று பின்னர் நிபுணர்கள் கண்டார்கள்.

நம் நாட்டிலும், 2016 டிசம்பர் 29 அன்று ஜார்கண்ட் மாநிலம் கோடா மாவட்டத்தின் ராஜ்மகால் சுரங்கத்தில் மேல்மண் குவியல் சரிந்து 23 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

அபெர்ஃபான் சொல்லும் பாடம்

ஒரு அறக்கட்டளையின் ஊழியன் என்ற முறையில் என் மனதை மிகவும் உறுத்தியது வேல்ஸ் நாட்டின் அபெர்ஃபான் கிராமத்தின் கதைதான். அங்கே சுரங்கக் கழிவை மலைச்சரிவில் ஏழு குவியல்களாகக் கொட்டியிருந்தார்கள். ஏழாவது குவியல் நீரூற்றுகளுக்கு மேலேயே இருந்தது. பள்ளிக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர் மன்றத்தின் பொறியாளர் மூன்று வருடங்களுக்கு முன்பே எழுதியிருந்தார். 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை, வகுப்பு தொடங்கிய சிறிது நேரத்தில் மழையில் ஊறிய குவியல் சரிந்து பள்ளியின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். மறுநாள் முதல் அவர்களுக்கு விடுமுறை.

விசாரணை ஆணையம் 76 நாட்கள் அமர்ந்து, அரசின் தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று சொன்னது. ஆனாலும் யார் மீதும் வழக்கு இல்லை. அதற்குப் பின் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. உலகெங்கும் இருந்து மக்கள் அந்தக் குடும்பங்களுக்காகப் பணம் அனுப்பினார்கள். சுமார் 17.5 லட்சம் பவுண்டு சேர்ந்தது. மிச்சமிருந்த குவியல்களை அகற்றுங்கள் என்று பெற்றோர்கள் கேட்டபோது, அந்தச் செலவுக்கு நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை இழந்தவர்களுக்காகப் பொதுமக்கள் தந்த பணம், அந்தப் பிள்ளைகளைக் கொன்ற கழிவை அகற்றச் செலவானது. 1997-இல்தான் பிரிட்டிஷ் அரசு அந்தத் தொகையை, வட்டியோ விலைவாசி உயர்வோ சேர்க்காமல், திருப்பித் தந்தது. 2007-இல் வேல்ஸ் அரசு மேலும் 20 லட்சம் பவுண்டு கொடுத்தது.

நிவாரண நிதி ஒரு அமானிதம். யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்களுக்கே அது போய்ச் சேர வேண்டும். கழிவை உண்டாக்கியவர் ஏற்க வேண்டிய செலவை ஏழையின் பங்கிலிருந்து எடுப்பது எந்த நாட்டிலும் நியாயமாகாது. நம் விஷயத்துக்கு வருகிறேன். சோதிக்காத கழிவு மண்ணை நாம் வாங்கி ஒரு ஏழை வீட்டின் அடியில் போட்டு, நாளை அந்த வீடு வெடித்தால், சீர்செய்யும் செலவு நீங்கள் நோன்புக் காலத்தில் கொடுத்த நன்கொடையிலிருந்துதான் போகும். மண்ணை விற்றவர் அப்போது எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. மலிவு என்று நாம் இன்று கணக்குப் போடுவதில் அந்தச் செலவு சேரவில்லை.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

சொந்தமாக வீடு கட்டுபவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இந்த மண் எந்த இடத்திலிருந்து வருகிறது? அனுமதிச் சீட்டு இருக்கிறதா? டிப்பர் லாரிக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

இரண்டு, அதில் நிலக்கரித் துண்டோ கரும்பாறையோ சாம்பலோ கலந்திருக்கிறதா? ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். கருப்பாக மினுமினுக்கும் துண்டுகள் இருந்தால் அந்த லோடு வேண்டாம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மணலாக வாங்குபவர்கள் கேட்க ஒரு அளவு உண்டு. கான்கிரீட்டுக்கான மணல், ஜல்லியில் நிலக்கரி எடையில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 383 இந்தியத் தர நிர்ணயம்.

மூன்று, சோதனை அறிக்கை இருக்கிறதா? அமிலத்தன்மை, சல்பேட் அளவு, களிமண் அளவு ஆகிய மூன்றையாவது பார்க்க வேண்டும். மண்ணில் சல்பேட் 0.2 சதவீதத்தைத் தாண்டினால் கான்கிரீட்டுக்குத் தனிக் கவனம் தேவை என்கிறது ஐ.எஸ். 456. பொறியியல் கல்லூரிகளின் கட்டடவியல் துறை ஆய்வகங்களில் விசாரியுங்கள். ஒரு வீட்டின் மொத்தச் செலவில் இது சிறு தொகை.

நான்கு, மனையைச் சுற்றித் தண்ணீர் எங்கே போகும்? குடிநீர்க் கிணறு, போர், பள்ளிவாசல் ஹவுலுக்கு நீர் எடுக்கும் கிணறு ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா? உங்கள் மனையில் கரைவது அண்டை வீட்டாரின் கிணற்றில் கலந்தால் அது அவருடைய ஹக்கைப் பறிப்பதாகும்.

ஐந்து, நாளை பிரச்சினை வந்தால் யார் பதில் சொல்வார்? விற்பவரின் பெயர், முகவரி, எங்கிருந்து எடுத்தது, எத்தனை யூனிட் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ரசீது தர மறுப்பவரிடம் இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கமிட்டியின் முடிவு

நம் கமிட்டி இதைப் பேசி எடுத்திருக்கும் முடிவை அறிவிக்கிறேன். சுரங்க மேல்மண்ணிலிருந்து முறையாகச் சலித்துக் கழுவித் தயாரித்த மணலை, தரச் சான்றிதழோடு வந்தால், சுவர்ப் பூச்சுக்கும் கட்டு வேலைக்கும் நம் பொறியாளரின் சம்மதத்தோடு பயன்படுத்தலாம். சலிக்காத கழிவு மண்ணையும் தூள் சாம்பலையும் எந்த வீட்டு மனைக்கும் அடிப்பதில்லை. மனைக்கு வழக்கமான கிராவல் மண்தான். அதனால் ஒரு வீட்டுக்கான செலவு கூடும். இந்த வருடம் ஒரு வீடு குறைவாகக் கட்ட நேரிடலாம். கட்டும் வீடு நிலைத்து நிற்க வேண்டும் என்பதற்காக இதை ஏற்றுக்கொண்டோம்.

வாலிபர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டடவியல், வேதியியல் படிக்கும் பிள்ளைகள் நம் ஊரில் பலர் இருக்கிறீர்கள். மண் மாதிரி எடுப்பது, ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்குவது, அதை மக்களுக்குப் புரியும்படி விளக்குவது ஆகிய வேலைகளுக்கு மூன்று நான்கு பேர் முன்வந்தால், டிரஸ்ட் வீடுகளுக்கு மட்டுமல்ல, ஊரில் வீடு கட்டும் எல்லா சமயத்தவருக்கும் அந்த உதவியைச் செய்யலாம். விருப்பமுள்ளவர்கள் அஸருக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். சோதனைக் கட்டணத்தை டிரஸ்ட் ஏற்கும்.